கடல் இடக்கைப் பக்கம் வரட்டும்: பயணக் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: கோலாலம்பூரிலிருந்து சொந்தக் காரில் புறப்பட்டு, பழைய நகரங்களையும் கிழக்குக் கரையையும் ஒரே வாரத்தில் பார்த்துத் திரும்ப முடியுமா? முடியும். ஆனால் எந்தத் திசையில், எந்தக் கிழமையில் கிளம்புகிறோம் என்பதில்தான் பாதிப் பயணம் இருக்கிறது.

"ஏழு நாள் விடுப்பு இருக்கிறது. முதலில் குவாந்தான் போய் அங்கிருந்து வடக்கே ஏறச் சொல்கிறார் மைத்துனர். எனக்கு முதலில் பினாங்கு போகத் தோன்றுகிறது. எது சரி?" - செந்தூல் வாசகர்

நீங்கள் நினைப்பதுதான் சரி. கோயிலை வலம் வருவதுபோல் தீபகற்பத்தை வலமாகச் சுற்றுங்கள். அப்படிச் சுற்றினால் தித்திவங்சா மலைத்தொடர், அதைக் கடக்கும் இடங்கள் தவிர, முழுப் பயணமும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். கிழக்குக் கரையில் தெற்கு நோக்கி இறங்கும்போது கடல் இடக்கைப் பக்கம் வரும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால், தென்னந்தோப்பு ஓரம் நிறுத்த நினைத்த இடத்தில் அப்படியே ஒதுங்கிவிடலாம். மைத்துனர் சொல்லும் திசையில் போனால் ஒவ்வொரு முறையும் எதிரே வரும் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்தாக வேண்டும். இரண்டு முறை கடந்தபின் எங்கேயும் நிறுத்தத் தோன்றாது.

கிளம்ப வேண்டிய கிழமை சனி. கெடா, கிளந்தான், திரெங்கானு மூன்றிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சனியன்று கிளம்பினால் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் நீங்கள் இருக்கும் நாட்கள் வேலை நாட்களாக அமையும். சந்தையும் அருங்காட்சியகமும் திறந்திருக்கும். வெள்ளி நண்பகலில் கோத்தா பாருவில் போய் இறங்கினால் கதவடைத்த கடைகளைத்தான் பார்ப்பீர்கள்.

சனி காலை 6.30க்குள் ரவாங்கைத் தாண்டிவிடுங்கள். கோப்பெங் வெளிவழியில் இறங்கி கெல்லிஸ் காசல் போங்கள். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் தமிழகத்திலிருந்து ஆட்களை வரவழைத்துக் கட்ட ஆரம்பித்து, 1926இல் அவர் இறந்ததும் முடிக்கப்படாமல் நின்றுபோன மாளிகை அது. பெரும்பாலோர் மாளிகையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே தொழிலாளர்களுக்காக எழுப்பப்பட்ட மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் கூரையில் தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளை உடுப்பில் துரையும் நிற்கிறார். அண்ணாந்து பார்த்தால் மட்டுமே தெரியும். ஈப்போவில் 1917ஆம் ஆண்டு ரயில் நிலையத்தையும் பழைய நகரத்தையும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, இரவுக்குத் தைப்பிங்.

ஈப்போவிலேயே தங்கலாமே என்று கேட்பீர்கள். தைப்பிங்கில் பிற்பகல் மழை வாடிக்கை. காலைதான் தெளிவாக இருக்கும். அந்தக் காலை உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் இரவே அங்கே இருக்க வேண்டும். ஏரிப்பூங்கா பழைய ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம்; 1880இல் பூங்காவானது. நூறு வயது தாண்டிய தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேலே குனிந்து கிளைகளைத் தண்ணீரில் தொட வைத்துக்கொண்டு நிற்கும். 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் நாட்டிலேயே பழையது. பிறகு 20 நிமிடத் தூரத்தில் கோலா செப்பெத்தாங். நாட்டின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து ஓடியது இந்த ஊருக்குத்தான். அப்போது இதன் பெயர் போர்ட் வெல்ட். இங்குள்ள கரிச்சூளைகளை விடாதீர்கள். ஏறக்குறைய 30 ஆண்டு வளர்ந்த பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்தை வெட்டி, பட்டை உரித்து, குவிமாடம் போன்ற செங்கல் சூளைக்குள் செங்குத்தாக அடுக்குவார்கள். வாசலில் மட்டும் தீ. கட்டைகள் எரிவதில்லை, அந்தச் சூட்டில் ஈரம் வற்றிக் கரியாகின்றன. சூளையை மூடுவது, ஆறவிடுவது எல்லாம் சேர்த்து ஒரு மாதம் ஆகும். எப்போது மூட வேண்டும் என்பதைப் புகையின் மணத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

ஞாயிறு பிற்பகல் பினாங்கு. அங்கே இரண்டு இரவு. திங்கள் காலை ஜார்ஜ்டவுனில் நடங்கள். குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833இலிருந்து இருக்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் கோர்ன்வாலிஸ் கோட்டையும் நடக்கும் தூரம்தான். பழைய நகரத்தில் ஒருவழித் தெருக்கள் அதிகம். காரை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். மாலைக்குள் தீவைச் சுற்ற நினைத்தால் அங்கேயும் வலம்தான்: தெற்கே பாயான் லெப்பாஸ், பாலிக் பூலாவ், பிறகு மலை ஏறி இறங்கித் தெலுக் பாஹாங், பத்து பெரிங்கி. சுமார் 70 கி.மீ. கடைசி 20 கி.மீ. கடல் உங்கள் பக்கம்.

செவ்வாய் முழுக்க ஓட்டம்: பட்டர்வொர்த், கூலிம், பாலிங், கிரிக், ஜெலி, கோத்தா பாரு. நிறுத்தங்களையும் சேர்த்து ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன் காலை சித்தி கதிஜா சந்தை. தரைத்தளத்தில் காய்கறி விற்கும் பெண்களை மேல்மாடியிலிருந்து குனிந்து பார்க்கும் அந்த ஒரு காட்சிக்காகவே போகலாம். 1887இல் கட்டிய இஸ்தானா ஜஹாரையும் பார்த்துவிட்டுப் புறப்பட்டால், கோலா பெசுட்டுக்குப் பிறகு பெரிய சாலையை விட்டுவிட்டு பெனாரிக், மெராங் வழியாகக் கடலோரமாகவே கோலா திரெங்கானு வரலாம். இந்தப் பயணத்தின் அழகான 80, 90 கி.மீ. இதுதான். அவசரப்பட வேண்டாம், அவசரப்படவும் முடியாது. மாடுகளும் ஆடுகளும் சாலையிலேயே படுத்திருக்கும்.

வியாழன் காலை லோசோங்கில் உள்ள மாநில அருங்காட்சியகம். ஜாவி எழுத்தில் பொறித்த திரெங்கானு கல்வெட்டு அங்கே இருக்கிறது. அதன் ஆண்டு 1303 என்று கணக்கிடப்படுகிறது. 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. பிறகு மாராங், டுங்குன், கெர்த்தே வழியாக செராத்திங்கில் இரவு. வெள்ளியன்று விரைவுச்சாலையில் கோலாலம்பூர். நாலு மணி நேரம் போதும். கிழக்குக் கரைக்கு வந்த தலைநகர்க் கூட்டம் திரும்பும் நேரம் அது இல்லை. மொத்தம் ஏறத்தாழ 1,400 கி.மீ.

"கிரிக் - ஜெலி சாலையில் யானை வரும் என்று சொல்கிறார்கள். சிறு பிள்ளைகளோடு போவது பாதுகாப்பா?" - கிள்ளான் வாசகி

பகலில் போனால் பாதுகாப்புதான், அம்மா. இரவில் போகவே கூடாது. 1982இல் திறந்த இந்தச் சாலை பெலும் - தெமெங்கோர் காட்டை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. யானைகள் சாலைக்கு வரவில்லை. யானைகளின் நடைபாதைக்குத்தான் சாலை வந்திருக்கிறது. ஓரத்தில் வெயில் படுவதால் புல் செழித்து வளரும். அதைத் தின்ன மாலையிலும் விடியலிலும் இறங்கும். 2025 மே மாதம் லாரி மோதி ஒரு யானைக்கன்று செத்ததும், தாய் அந்த இடத்தை விட்டு நகர மறுத்ததும் விடிவதற்கு முன்புதான்.

பினாங்கிலிருந்து காலை 6.30க்குக் கிளம்புங்கள். பத்து மணிக்குள் கிரிக் வந்து பெட்ரோல் டேங்கை நிரப்புங்கள். அடுத்த 120 கி.மீ.க்கு அதுதான் கணக்கு. பாதி டேங்க் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம்: ஏற்றத்தில் எண்ணெய் அதிகம் குடிக்கும், சரிவு மண் விழுந்து சாலை அடைபட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். பல இடங்களில் தொலைபேசிக்கு அலைவரிசை கிடையாது. வரைபடத்தை முந்தைய இரவே பதிவிறக்கி வையுங்கள். உச்சியில் தித்திவங்சா ஓய்விடத்தில் கழிப்பறை இருக்கிறது, மூடுபனியும் இருக்கலாம். பனியில் தூர வெளிச்சம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். தாழ்ந்த வெளிச்சம் போடுங்கள்.

சாலையில் புதிதாக முறிந்த மூங்கிலோ சாணமோ கண்டால் வேகத்தைக் குறையுங்கள். யானையே நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். எஞ்சின் ஓடட்டும், பின்னால் எடுக்க வழி இருக்கட்டும். ஹாரன் அடிக்கவோ விளக்கைச் சிமிட்டவோ கூடாது, படம் எடுக்க இறங்கவும் கூடாது. கன்று மட்டும் தெரிகிறது என்றால் தாய் சாலையின் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியாது. நடுவில் புகுந்து போகாதீர்கள்.

பாலிங்குக்கும் கிரிக்குக்கும் இடையே வளைவுகள் அதிகம். தலைசுற்றும் பிள்ளைக்கு மாத்திரையைப் புறப்பட அரை மணி நேரம் முன்னே கொடுத்துவிடுங்கள். குமட்டல் தொடங்கியபின் கொடுத்துப் பயனில்லை. கைப்பேசியைப் பார்க்க விடாதீர்கள்.

"என் மைவி காருக்குப் பத்து வயது. இத்தனை தூரம் தாங்குமா? பட்டறையில் என்னென்ன பார்க்கச் சொல்ல வேண்டும்?" - காஜாங் வாசகர்

தாங்கும். மலைச்சாலையில் கார் நின்றுபோவது எஞ்சினால் அல்ல, பெரும்பாலும் பேட்டரி, குளிர்நீர், டயர் இந்த மூன்றால்தான். புறப்படும் முந்தைய நாள் பட்டறைக்குப் போகாதீர்கள். இரண்டு வாரம் முன்பே போங்கள். மாற்றிய பாகத்தில் கோளாறு இருந்தால் அது ஊருக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும்.

முதலில் டயர். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். பூ (டயரின் மேல் உள்ள வரிப்பள்ளம்) இருந்தாலும் ஆறு ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். வெயிலில் ரப்பர் இறுகிப்போயிருக்கும். சட்டப்படி பூவின் ஆழம் 1.6 மி.மீ. போதும். கிழக்குக் கரை மழைக்கு அது போதாது: 3 மி.மீ.க்குக் கீழே தண்ணீரை ஒதுக்க முடியாமல் டயர் மிதக்கத் தொடங்கும். காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். முழுச் சுமைக்கு உள்ள எண்ணைப் பாருங்கள். காலையில், வண்டி ஓடுவதற்கு முன் நிரப்புங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடித் தெரியும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுவது பலர் செய்யும் தவறு. டிக்கியிலுள்ள மாற்றுச் சக்கரம் மெலிந்த வகையாக இருந்தால் அதற்கு 60 பிஎஸ்ஐ தேவை, அதில் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குக் கடைசியாக எப்போது காற்றடித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து பிரேக் எண்ணெய். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் சேர்ந்த எண்ணெய் நீண்ட இறக்கத்தின் சூட்டில் கொதித்துக் குமிழியாகும். மிதித்தால் கால் பஞ்சில் அழுந்துவதுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பத்து வயது வண்டியில் ஒரு முறைகூட மாற்றாதவர்கள் உண்டு. இறக்கத்தில் 'டி'யிலேயே விட்டுப் பிரேக்கைத் தேய்க்காமல், கியரை ஒரு படி கீழே இறக்குங்கள். எஞ்சின் உறுமும், உறுமட்டும், அதுதான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது.

குளிர்நீரை எஞ்சின் முழுக்க ஆறியபின் மட்டுமே திறந்து பாருங்கள். பேட்டரி இரண்டு ஆண்டு தாண்டியிருந்தால் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் காப்புறுதியில் பழுதான வண்டியை இழுத்துச் செல்ல எத்தனை கி.மீ. வரை தருகிறார்கள் என்று ஒரு வரி இருக்கும். கிரிக் காட்டில் நின்றபிறகு அதைத் தேடாதீர்கள். பெட்ரோலுக்கு, 100 கி.மீ.க்கு 7 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் சுமார் 100 லிட்டர். சலுகை விலை ரோன் 95 பெட்ரோலுக்கு மைகார்டு (அடையாள அட்டை) வேண்டும், மறக்காதீர்கள்.

"டோல் கட்ட டச் என் கோ அட்டை போதுமா?" - செலாயாங் வாசகர்

போதும். அதில் 150 ரிங்கிட் இருந்தால் நடுவில் தேட வேண்டியதில்லை. விரைவுச்சாலைக்குள் எதைத் தட்டி நுழைந்தீர்களோ அதையேதான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். கணவர் அட்டையில் நுழைந்து மனைவி அட்டையில் வெளியேறினாலோ, அட்டையில் நுழைந்து ஆர்எஃப்ஐடி (காரில் ஒட்டிய வில்லையைப் படிக்கும்) பாதையில் வெளியேறினாலோ தடுப்புக்கட்டை எழும்பாது. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்.

"கடாரம் போகாமல் பினாங்கிலிருந்து திரும்ப மனமில்லை. ஒரு நாளில் முடியுமா? ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் இருக்கிறதா?" - பட்டர்வொர்த் வாசகர்

அரை நாள் போதும். சுங்கை பட்டாணியைத் தாண்டி மெர்போக். ஜெராய் மலை அடிவாரத்தில் புஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. திங்களன்று தீவைச் சுற்றுவதற்குப் பதில் இதை வைத்துக்கொள்ளலாம். தமிழ் வாசகருக்கு நாங்கள் சொல்லக்கூடிய தேர்வும் அதுதான்.

ராஜேந்திரன் பெயர் பொறித்த கோயிலைத் தேடிப் போகாதீர்கள். 1025இல் அவனுடைய கடற்படை கடாரத்தை வென்ற செய்தி தமிழகக் கல்வெட்டுகளில் இருக்கிறது. மெர்போக்கில் இருப்பது வணிகத் துறைமுகமாகப் பல நூற்றாண்டு வாழ்ந்த ஓர் ஊரின் அடித்தளங்கள். அவற்றில் பெரியது சண்டி புக்கிட் பத்து பஹாட் (சண்டி என்றால் இங்கே பழங்கோயில்). 1930களில் அகழ்ந்து, 1960இல் திரும்ப அடுக்கி நிறுத்தினார்கள். அருங்காட்சியகத்திலிருந்து சற்று மேலேறினால் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. கருவறையும் முன்மண்டபமும் எது என்று நம்மவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்டபத்தில் வரிசையாக இருக்கும் கல் தூண்பீடங்களைக் குனிந்து பாருங்கள்: மரத்தூண் நிறுத்தக் குழி வெட்டியிருக்கும். மேலே இருந்தது மரமும் கூரையும். அதனால்தான் அடித்தளம் மட்டும் மிஞ்சியது. படிகளில் பாசி பிடித்திருக்கும், வழுக்காத செருப்பு போடுங்கள். கொசு உண்டு.

"காரைப் படகில் ஏற்றி பினாங்குக்குப் போகலாமா?" - ரவாங் வாசகர்

அந்தக் காலம் போய்விட்டது. 2021இலிருந்து படகில் கார் ஏற்றுவதில்லை. 2023இல் வந்த புதிய படகுகளிலும் ஆட்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்தான் இடம். பாலம்தான் வழி: 1985இல் திறந்த முதல் பாலம் ஊருக்குப் பக்கம், 2014இல் திறந்த இரண்டாவது தெற்கே. டோல் தீவுக்குப் போகும்போது மட்டும். படகு ஆசை விடவில்லையென்றால் காரை பட்டர்வொர்த்தில் விட்டு நடந்து ஏறுங்கள்.

"நாங்கள் சுத்த சைவம். கிளந்தானில் பட்டினி கிடக்க நேருமா?" - பிரிக்பீல்ட்ஸ் வாசகி

பட்டினி இல்லை; ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். காய்கறிதான் என்று வாங்கும் கீரையில் பெலாச்சான் (புளித்த இறால் விழுது) இருக்கும், சம்பலில் நெத்திலி இருக்கும். புடு என்பது புளித்த மீன் சாறு. நாசி கெராபு சோற்றின் மேல் கேட்காமலே ஊற்றிவிடுவார்கள். "இறைச்சி இல்லை" என்று சொன்னால் மீனைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மீன், நெத்திலி, பெலாச்சான், புடு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். ரொட்டி சானாய் கடையில் பருப்பு மட்டும் கேளுங்கள். மீன்குழம்புக் கரண்டியையே அதிலும் போடுவார்கள், வேறு கரண்டி கேட்பதில் தவறில்லை. நாசி டாகாங் சோறு தேங்காய்ப்பாலில் வெந்தயம், இஞ்சி, வெங்காயம் போட்டு வேகவைப்பது, மீன்குழம்பு தனி. சோற்றை மட்டும் வாங்கிச் சாப்பிடலாம். சீனர்களின் சைவக் கடைகள் கோத்தா பாருவிலும் கோலா திரெங்கானுவிலும் உண்டு, மாலைக்குள் மூடிவிடும் கடைகளே அதிகம்.

எல்லாவற்றுக்கும் மேல், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். நல்லெண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும்வரை காய்ச்சினால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். ஒரு வாரம் வெளியிலேயே கெடாது. ஈரக் கரண்டி போட்டால் மூன்றாம் நாளே பூஞ்சணம். தேங்காய்ச் சட்னியை மட்டும் காரில் ஏற்றாதீர்கள், மத்தியானத்துக்குத் தாங்காது.

"டிசம்பரில்தான் எங்களுக்கு விடுப்பு. இதே பாதையில் போகலாமா?" - அம்பாங் வாசகர்

கூடாது. நவம்பர் நடுவிலிருந்து வடகிழக்குப் பருவமழை. கோத்தா பாரு, கோலா பெசுட் பக்கம் சாலையே வெள்ளத்தில் மூழ்கும், தீவுப் படகுகள் நின்றுவிடும், அலை கரையை அரிக்கும். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் பருவம்.

டிசம்பரில் மேற்குக் கரையைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே ஐந்து நாள்: கோலா சிலாங்கூர், சிகிஞ்சான் வயல்கள், லுமுட், தைப்பிங், பினாங்கு, ஈப்போ வழியாகத் திரும்பி வீட்டில் ஓர் இரவு. பிறகு இரண்டு நாள் போர்ட் டிக்சன், மலாக்கா. அங்கே எல்லோரும் 1753ஆம் ஆண்டு சிவப்பு மாதா கோயில் முன்னால் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நீங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜாலான் துக்காங் எமாஸ் போய் 1781ஆம் ஆண்டு பொய்யாத விநாயகர் கோயிலைப் பாருங்கள்; அதைப் பேணி வரும் மலாக்கா செட்டிகள் காஜா பெராங்கில் இருக்கிறார்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் ஜோங்கர் தெருவை இரவுச்சந்தைக்காக அடைத்துவிடுவார்கள், சுற்றுவட்டாரத்தில் கார் நிறுத்த ஓர் அங்குலம் கிடைக்காது. மலாக்காவைத் திங்கள், செவ்வாயில் வையுங்கள்.